பாஸ் போனது, விண்டோஸும் போனது: மடிக்கணினி கால வரலாறு

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றும் அப்போது திருவள்ளூர் மாவட்டம்தான். அந்தப் பக்கத்து பிளஸ் டூ மாணவர்களுக்கு இது சொந்த மாவட்டத்து விழா!

மூடியில் முதல்வர் ஜெயலலிதா படம். உள்ளே இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் (வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத பதிப்பு). இன்னொன்று பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சிடாக் உருவாக்கியது இது. கொள்முதல் செய்த எல்காட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அலுவலகக் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றிய நிறுவனம் அது.

ஆனால் வீட்டுக்கு வந்த மடிக்கணினியில் பலரும் விண்டோஸை மட்டும்தான் திறந்தார்கள். பாஸ் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்தப் பார்ட்டிஷனை டெலிட் செய்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு, அடுத்த முறை ஆன் செய்தபோது கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொற்கள்தான் வந்தன. விண்டோஸும் காணோம்!

ஏன் இப்படி? பதில் 1983இல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஐபிஎம் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டியை வெளியிட்டது. கூடவே வந்த டாஸ் 2.0 தான் டிஸ்க்கைப் பங்கு போடும் முறையைக் கொண்டுவந்தது. டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் கையொப்பத்துக்கு. அட்டவணையில் நான்கு பேருக்குத்தான் இடம். இதுதான் எம்பிஆர்.

லினக்ஸ் நிறுவும்போது அந்த 446 பைட்டில் கிரப் குடியேறும். அவ்வளவு சின்ன இடத்தில் முழு கிரப் அடங்காது. அதனால் மீதிக் கோப்புகள் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். பார்ட்டிஷனை அழித்தால் வாசலில் காவலாளி நிற்பார், சாவி இருந்த அறை மட்டும் இருக்காது. விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதன் கதவைத் திறக்கத்தான் ஆளில்லை.

ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லும் கடைக்காரர் எந்த ஊரிலும் உண்டு. அதைக் கேட்டால் படங்கள், ப்ராஜெக்ட் எல்லாம் போய்விடும். உண்மையில் தேவைப்பட்டது விண்டோஸ் 7 ரிப்பேர் டிஸ்க்கும் ஒரு வரிக் கட்டளையும்தான்: பூட்ரெக், பக்கத்தில் சாய்கோடு போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர். எக்ஸ்பி காலத்தில் ரெக்கவரி கன்சோலில் வெறும் ஃபிக்ஸ்எம்பிஆர். 98இல் எஃப்டிஸ்க். இந்தக் கட்டளை தொடக்க நிரலை மட்டும் மாற்றும், அட்டவணையைத் தொடாது. முதலில் இதைச் செய்துவிட்டு, பிறகு பாஸை அழித்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

மாணவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அன்றைய பிளஸ் டூ கணினி அறிவியல் என்றால் ஸ்டார் ஆஃபீஸ், சி++ தான்.

அடுத்த தலைவலி, காலியான இடம். சி டிரைவுக்கு வலப்பக்கத்தில் ஒட்டியே காலி இடம் இருந்தால்தான் விண்டோஸ் நீட்டிக்க விடும். நடுவில் டி டிரைவ் இருந்தால் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகவே கிடக்கும். லினக்ஸ் இருந்தது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் என்றால், காலி இடம் பச்சைக் கட்டத்துக்குள் மாட்டியிருக்கும். உள்ளே வேறு டிரைவ் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தக் கட்டத்தையும் நீக்க வேண்டும். ஜிபார்ட்டட் கொண்டு டிரைவை நகர்த்தலாம்தான், ஆனால் பாதியில் கரண்ட் போனால் தகவல் போச்சு. 2012 மின்வெட்டில் மேஜைக் கணினிக்காரர்கள் பயந்தார்கள். இவர்களுக்கு பேட்டரி இருந்தது.

தவறுதலாக டி டிரைவையே அழித்தவர்களுக்கும் வழி இருந்தது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய பார்ட்டிஷன் எல்லைகளைத் தேடி அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும். ஒரே நிபந்தனை, அதற்குள் அந்த இடத்தில் புதிதாக எதையும் பதிந்திருக்கக் கூடாது.