காப்பீட்டு இடைவெளி (ஐக்கிய அமெரிக்கா)

காப்பீட்டு இடைவெளி என்பது ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்களில் வறியவர்கள் மெடிக்கெய்டு திட்டத்திலும் சேர முடியாமல், நலக் காப்பீட்டுச் சந்தையில் அரசு மானியமும் பெற முடியாமல் விடுபடும் நிலையைக் குறிக்கும்.

இரு திட்டங்கள்

மெடிக்கெய்டு 1965 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. குறைந்த வருமானம் உடையோருக்கான இம்மருத்துவ உதவித் திட்டத்தின் செலவைக் கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. முதியோருக்கான மெடிக்கேர் இதனின்று வேறானது. மெடிக்கெய்டு பெற வறுமை மட்டும் பல மாநிலங்களில் போதுமானதாக இருக்கவில்லை. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், உடற்குறைபாடு உடையோர் போன்ற பிரிவுகளுள் ஒன்றிலும் அடங்க வேண்டியிருந்தது.

காப்பீட்டுச் சந்தை என்பது தனியார் காப்பீடுகளை ஒப்பிட்டு வாங்கும் இணையவழி அமைப்பு ஆகும். இது 2013 அக்டோபரில் திறக்கப்பட்டது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தமக்கெனத் தனிச் சந்தை நடத்துகின்றன. டெக்சாசு போன்றவை கூட்டாட்சி அரசின் சந்தையைப் பயன்படுத்துகின்றன.

இடைவெளி உருவான விதம்

2010 ஆம் ஆண்டு பராக் ஒபாமா கையெழுத்திட்ட நலக் காப்பீட்டுச் சட்டம், வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்கள் அனைவருக்கும் மெடிக்கெய்டு கிடைக்க வழிசெய்தது. எனவே சந்தை மானியம் 100 விழுக்காட்டில் தொடங்கினால் போதும் எனக் கருதப்பட்டது. ஆனால் 2012 சூன் மாதம் உச்ச நீதிமன்றம், இவ்விரிவாக்கத்தை ஏற்குமாறு மாநிலங்களைக் கட்டாயப்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. மானிய விதியோ மாற்றப்படவில்லை.

எடுத்துக்காட்டு

2025 ஆம் ஆண்டில், அலாசுகா, அவாய் நீங்கலான மாநிலங்களில் தனிநபருக்கான வறுமைக் கோடு ஆண்டுக்கு 15,650 டாலர். 138 விழுக்காடு 21,597 டாலர் ஆகும். அவ்வாண்டில் 12,000 டாலர் ஈட்டிய, குழந்தையற்ற, உடற்குறைபாடு இல்லாத 40 வயதுக் குடிமகன் ஒருவருக்குக் கலிபோர்னியாவில் மெடிக்கெய்டு கிடைக்கும். டெக்சாசில் அவருக்கு மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. அங்கேயே 16,000 டாலர் ஈட்டுபவர், பணியிடக் காப்பீடு இல்லாதபோது, சந்தை மானியம் பெறலாம். அதாவது, கூடுதல் வறுமையே உதவிக்குத் தடையாகிறது.

தற்போதைய நிலை

வட கரோலினா 2023 திசம்பரில் விரிவாக்கத்தை நடைமுறைப்படுத்தியது. 2025 நிலவரப்படி 40 மாநிலங்களும் தலைநகர் வாசிங்டனும் அதனை ஏற்றுள்ளன. டெக்சாசு, புளோரிடா, அலபாமா உள்ளிட்ட 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. இவற்றுள் விசுக்கான்சின், வறுமைக் கோடு வரையுள்ள பெரியவர்களுக்குத் தானே மெடிக்கெய்டு வழங்குவதால் அங்கு இவ்விடைவெளி இல்லை.