தேக்கு மரக் கப்பல் டிரிங்கோமலி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகர் உண்டு. அங்குள்ள பழைய துறையில் மூன்று பாய்மரங்களுடன் ஒரு போர்க்கப்பல் மிதக்கிறது. விடுமுறை நாள்களில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வந்து, அதன் தளங்களில் ஏறி இறங்கிப் பார்க்கின்றனர். அதன் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். ‘டிரிங்கோமலி’! ஆம், இலங்கையின் திருகோணமலைதான் ஆங்கிலேயர் நாவில் இவ்வாறு ஆயிற்று. 1782இல் அத்துறைமுகத்திற்கு அப்பால் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போரின் நினைவாக இப்பெயரை இட்டனர்.

பெயர் மட்டுமன்று, கப்பலே நம் பக்கத்துச் சரக்குதான். அது பிறந்த இடம் பம்பாய். அதன் உடல் மலபார்த் தேக்கு. 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அது நீரில் இறக்கப்பட்டது. இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

ஆங்கிலேயர் தம் போர்க்கப்பலைப் பம்பாயில் ஏன் கட்ட வேண்டும்? அவர்கள் நாட்டில் ஓக்கு மரம் குறைந்துவிட்டது என்பதே காரணம். நெல்சன் இருந்து போரிட்ட ‘விக்டரி’ என்னும் கப்பலைக் கட்ட ஏறத்தாழ 6,000 மரங்கள் வேண்டியிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஓக்கு. கப்பலுக்கு ஏற்றவாறு ஓர் ஓக்கு மரம் முற்றுவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். நெப்போலியனோடு நடந்த நீண்ட போரோ மரம் வளரும்வரை காத்திருக்கவில்லை. பம்பாயிலோ, சூரத்திலிருந்து 1736இல் வந்து குடியேறிய லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழிவந்த பார்சிக் குடும்பத்தினர் கப்பல் கட்டும் கலையில் தேர்ந்திருந்தனர். டிரிங்கோமலியைக் கட்டிய தலைமைச் சிற்பி ஜாம்செட்ஜி பொமான்ஜி வாடியா, லவ்ஜியின் பேரர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பலின் வரைபடங்கள் முதலில் ‘ஜாவா’ என்னும் போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலான ‘கான்ஸ்டிடியூஷன்’ அதை வழியில் மறித்துத் தோற்கடித்தது. வரைபடங்கள் தொலைந்தன. மீண்டும் வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை தொடங்கும்போது 1816 ஆகிவிட்டது. வரைபடத்தைத் தொலைக்கச் செய்த அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இப்போது பாஸ்டன் நகரில் ஒரு காட்சிக் கப்பலாக நிற்கிறது!

உறவினரைப் பார்க்கவோ படிக்கவோ நீங்கள் என்றேனும் இங்கிலாந்து செல்ல நேர்ந்து, குடும்பத்தோடு இக்கப்பலைக் காணப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் நேரே பீரங்கிகளிடம் ஓடுவார்கள். ஓடட்டும். உண்மையில் இக்கப்பல் பெரும் கடற்போர் எதிலும் ஈடுபட்டதில்லை. நீங்கள் கீழ்த்தளத்திற்கு இறங்கி, நிமிர்ந்து தலையை இடித்துக்கொள்ளாமல், பக்கவாட்டு மரங்களைக் கூர்ந்து நோக்குங்கள். இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் அவை ஏன் மட்கவில்லை?

தேக்கில் இயற்கையாகவே ஒருவகை எண்ணெய்ப் பசை இருக்கிறது. கரையானும் பூசணமும் அதை எளிதில் அண்டுவதில்லை. மேலும், ஈரத்தில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் மாறி மாறி இருந்தாலும் தேக்கு அதிகம் விரிவதில்லை, சுருங்குவதில்லை. ஆகவே பலகைகளின் இணைப்புகள் எளிதில் பிளப்பதில்லை. ஓக்கு மரம் வலிமையில் குறைந்ததன்று. ஆனால் அதில் டானிக் அமிலம் மிகுதி. அந்த அமிலம் மரத்தில் அறைந்த இரும்பு ஆணியை அரிக்கும். அரிக்கப்பட்ட இரும்பு சுற்றியுள்ள மரத்தைக் கறுக்கச் செய்து கெடுக்கும். தேக்கில் இத்தொல்லை இல்லை. அதன் எண்ணெய் இரும்பைக் காக்கவே செய்கிறது.

நீருக்கடியில் வேறொரு பகைவன் உண்டு. கப்பற்புழு என்று பெயர். உண்மையில் அது புழுவன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. மரத்தைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும். அதைத் தடுக்க, 1761இல் ‘அலாரம்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் அடியில் செப்புத் தகடு பொதிந்து பார்த்தனர். புழு வரவில்லை, பாசியும் படியவில்லை. ஆனால் 1763இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. உப்பு நீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலமே அல்லவா? பின்னர் நீருக்கடியில் செப்புக் கலவை ஆணிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். சர் ஹம்ஃப்ரி டேவி இதையே தலைகீழாகத் திருப்பினார். செம்பு கரைவதைத் தடுக்க, 1824இல் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைத் தகட்டோடு இணைத்தார். துண்டுகள் அரிந்தன, செம்பு தப்பியது. ஆயினும் செம்பு கரையாததால் அதன் நஞ்சும் வெளிவரவில்லை. பாசியும் சிப்பியும் கப்பலடியில் தாராளமாக வளர்ந்து, வேகத்தைக் குறைத்தன! கடற்படையார் அதைக் கைவிட்டாலும், டேவியின் கொள்கை தவறன்று. இன்றைய எஃகுக் கப்பல்களின் அடியிலும் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரக்கப்பலுக்குக் கடல்நீரைவிட மழைநீரே கொடியது. உப்பு ஊறிய மரத்தில் பூசணம் வளர்வது கடினம். மேல்தளத்து இடுக்குகளில் கலப்பற்றுப் போட்டு அடைத்த நார் தளர்ந்துவிட்டால், நன்னீர் கசிந்து உள்ளே தங்கும். அங்கே அழுகல் தொடங்கும். கரையில் ஏற்றி வைத்துவிடலாமே என்பீர்கள். விக்டரி 1922 முதல் உலர்துறையில்தான் இருக்கிறது. தாங்குவதற்குத் தண்ணீர் இல்லாததால் அதன் எடையெல்லாம் சில இடங்களில் அழுந்தி, உடல் தளர்ந்தது. அண்மையில் 134 முட்டுக்கால்கள் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. நீரிலேயே மிதக்கவிட்டால் நடுப்பகுதி உயர்ந்து, முனைகள் தாழ்ந்து, முதுகு வளையும். ஆக, எப்படி வைத்தாலும் பராமரிப்பு ஓயாது.

தேக்கு மட்டும் இக்கப்பலைக் காத்துவிடவில்லை. 1897இல் டிரிங்கோமலி உடைப்பதற்காக விற்கப்பட்டுவிட்டது. உடைபடுமுன் ஜார்ஜ் வீட்லி காப் என்பவர் அதை வாங்கினார். தம்முடைய ‘ஃபுட்ராயன்ட்’ என்ற பழங்கப்பல் அதே ஆண்டு புயலில் அழிந்துபோகவே, அதன் பெயரையே இதற்கு இட்டு, இளைஞர் பயிற்சிக் கப்பலாக்கினார். போர்ட்ஸ்மத் துறையில் அதன் பக்கத்தில் ‘இம்பிளாக்கபிள்’ என்னும் முதுகப்பல் ஒன்றும் நின்றது. 1800இல் பிரான்சில் பிறந்து, டிரஃபால்கர் போரிலும் கலந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க எவரும் முன்வரவில்லை. 1949 டிசம்பர் 2ஆம் நாள், பிரிட்டிஷ் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் பறக்க, வெடிவைத்து ஆங்கிலக் கால்வாயில் அதை மூழ்கடித்தனர். முகப்புச் சிலையும் பின்புற அலங்காரமும் மட்டும் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் எஞ்சின.

ஃபுட்ராயன்ட் 1986 வரை பயிற்சிப் பணி செய்தது. மறு ஆண்டு ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து பழுதுபார்க்கத் தொடங்கினர். 1992இல் பழைய பெயர் திரும்பியது. வேலை 2001இல்தான் முடிந்தது.

அந்த மரம் வந்த காட்டின் கதை வேறு. அன்று மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மாவட்டம். கப்பல்களுக்கென்று வெட்டி வெட்டி அங்கே பெருந்தேக்குகள் அருகின. 1840களில் மாவட்ட ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்கு விதைகளை முளைக்கவைக்க முயன்றார். முதல் முயற்சிகள் தோற்றன. சாத்து மேனன் என்ற அலுவலரின் உழைப்பால் பின்னர் நாற்றுகள் பிழைத்தன. அன்று நட்ட மரங்களில் சில இன்றும் நிலம்பூரில் நிற்கின்றன. ஹார்ட்டில்பூல் தொலைவு, நிலம்பூருக்குக் கோவையிலிருந்து ஒரே நாளில் பிள்ளைகளுடன் போய்வந்துவிடலாம்.