கம்பைலர் மாற்றமும் பொதிகளின் மறுகட்டலும்

2011 ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்களின் அரசுப் பள்ளி மாணவர் கைக்கு லினக்சு வந்த வழிகளில் இதுவும் ஒன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது. டெபியனில் ஆயிரக்கணக்கான பொதிகள் உள்ளன. பொதி என்பது மூலநிரலைக் கம்பைலர் மூலம் இயந்திரமொழிக்கு மாற்றி, நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டிவைத்த மென்பொருளாகும். கம்பைலரே மாறினால் அந்தப் பொதிகளை என்ன செய்வது என்பது பழைய சிக்கல்.

இதன் வேர் 1976 ஆம் ஆண்டில் உள்ளது. பெல் ஆய்வகத்தில் நண்பர் ஒருவர், ஏற்கெனவே திருத்திவிட்ட நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய மறந்ததே காரணம். அதைக் கண்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். கோப்புகளின் நேரமுத்திரையை ஒப்பிட்டு, மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது மீண்டும் கட்டும். ஆனால் கம்பைலரின் புதிய பதிப்பு வந்திருப்பதை, தனியாகச் சொல்லாவிட்டால், மேக் கவனிக்காது. மூலக்கோப்பு மாறவில்லையே!

ஒரு திட்டத்துக்குள் இது சிறு குறை. ஒரு முழு இயங்குதளத்தில் அப்படியல்ல. சி++ நிரலகம் ஒன்று பழைய கம்பைலரிலும் அதை அழைக்கும் செயலி புதிய கம்பைலரிலும் கட்டப்பட்டால், நினைவகத்தில் தரவு அமையும் விதம் இரண்டிலும் வேறுபடலாம். செயலி தொடங்க மறுத்தால் நல்லது. தொடங்கி, பாதியில் தரவைக் கெடுத்தால்தான் ஆபத்து. இந்தப் பொருத்தத்தை ஏபிஐ என்பர்.

டெபியன் இச்சிக்கலை மூன்று முறை பெரிய அளவில் சந்தித்தது. ஜிசிசி 3.2 வந்தபின் நிரலகப் பொதிகளின் பெயரில் 'சி102' என்ற ஒட்டும், ஜிசிசி 4.0 காலத்தில் 'சி2' என்ற ஒட்டும், 2015 இல் ஜிசிசி 5 வந்தபோது 'வி5' என்ற ஒட்டும் சேர்க்கப்பட்டன. பெயர் மாறினால் பழையதும் புதியதும் தவறியும் கலவா. ஆனால் பெயரை மாற்ற ஒவ்வொரு பொதியின் மூலத்தையும் மனிதர் திருத்த வேண்டியிருந்தது. 2015 ஆகஸ்டில் தொடங்கிய மாற்றம் தன்னார்வலர்களின் உழைப்பைப் பெருமளவு விழுங்கியது.

கட்டும் வேலையோ முன்பே தானியங்கியாகிவிட்டது. 1990களின் பிற்பகுதியில், வேகம் குறைந்த எம்68கே கணினிகளுக்காக ரோமன் ஹோடெக் எழுதிய 'வான்னா-பில்ட்', கட்டவேண்டிய பொதிகளைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளித்தது. மூலத்தைத் தொடாமல் மீண்டும் கட்டும்போது பதிப்பெண்ணின் இறுதியில் '+பி1' மட்டும் சேரும். எதை, எந்த வரிசையில் கட்டுவது என்ற கேள்விதான் மிஞ்சியது.

அதற்கு விடை சி++ பக்கமிருந்து வரவில்லை. ஒகேமல், ஹாஸ்கெல் ஆகிய மொழிகளில் கம்பைலர் சற்றே மாறினாலும் எல்லா நிரலகங்களும் பயனற்றுப்போகும். அடிக்கடி அடிபட்டவர்களே முதலில் வழி கண்டனர் எனலாம். நிரலகத்தின் இடைமுகத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கக் குறியை, பொதி தானே வழங்கும் கூடுதல் பெயரில் பதித்தனர். சார்ந்த பொதி அந்தக் குறியையே கேட்கும். மறுகட்டலில் குறி மாறினால், பழைய குறியைக் கேட்கும் பொதிகள் உடைந்தவையாகக் கணக்கில் தெரியும். மூலத்தில் ஒரு வரியும் திருத்தத் தேவையில்லை. ஒகேமல் பொதிகளைப் பராமரித்த ஸ்டெஃபான் குளோந்து உள்ளிட்டோர் எழுதிய 'பென்' கருவி, இச்சார்புகளைப் படித்து எது முதலில், எது பின்னர் என்று படிநிலைகளாகப் பிரித்துக் காட்டியது. பின்னர் அது டெபியனின் எல்லா வகை மாற்றங்களுக்கும் பயன்பட்டது.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய 'நிக்ஸ்' இன்னும் கண்டிப்பானது. அங்கே கம்பைலரும் ஓர் உள்ளீடே. அது மாறினால் அதைச் சார்ந்த அனைத்தின் முகவரியும் மாறி, மறுகட்டல் தானாகவே நிகழும். சிறு திருத்தத்துக்கும் பெருங்கட்டல் என்பது அதற்கான விலை.

2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர்களின் தமிழ்நாட்டுச் சிறுமாநாடு, கீழ்பென்னாத்தூருக்கு அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடு கொச்சியில் கூடியது. அடுத்த ஆண்டே, 2038 இல் 32-பிட் கணினிகளின் கடிகாரம் நிரம்பிவிடும் சிக்கலைத் தீர்க்க, பழைய உத்தி மீண்டும் கையாளப்பட்டது. இம்முறை பொதிப் பெயர்களில் சேர்ந்த ஒட்டு 'டி64'.