மறியும் மரியும்

கருநாடகத்தில் செம்மறி வளர்க்கும் குருபர் குடும்பங்களில் ஈற்றுக்காலத்து நாள் முழுதும் குட்டிகளைச் சுற்றியே அமையும். மந்தை மேய்ச்சலுக்குச் செல்ல, பிறந்து சில நாளே ஆன குட்டிகள் பட்டியில் தங்கும்; அந்தியில் திரும்பும் தாய், மணத்தால் தன் குட்டியை இனங்காணும். அக்குட்டி கன்னடத்தில் 'குரிமரி'.

'மரி', தமிழ் 'மறி'யின் இனச்சொல். தொல்காப்பிய மரபியல் கூறும் ஒன்பது இளமைப்பெயர்களுள் மறியும் ஒன்று. ஆட்டிற்கேயன்றிக் குதிரைக்கும் மானுக்கும் உரியது. கன்னடத்தில் அது நாய், கோழிவரை விரிந்தது. தமிழிலோ வழக்குச் சுருங்கி, 'செம்மறி' என்னும் இனப்பெயருள் ஒடுங்கிற்று. அதன் இடத்தைக் 'குட்டி' கொண்டது. ('செம்மறிக்குட்டி' என்போர் இதனை எண்ணுவதில்லை.)

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் இங்கேதான். கன்னட 'ஆடு' வெள்ளாடு மட்டுமே. தமிழ் 'ஆடு' இரண்டற்கும் பொது. 'குரிமரி'யை 'ஆட்டுக்குட்டி' என்றால், கம்பளி நெய்வோர் கதையில் கம்பளி தரும் விலங்கே அடையாளமிழக்கிறது.