எரியும் கூரைக்கே முதல் நீர்

கொள்ளைநோய்க் காலத்தில் மருந்து போதாமற் போவது புதுமையன்று. போதாத மருந்தை எவ்வூர்க்கு முதலில் அளிப்பது என்பதே என்றும் எழும் வினா. இதற்குப் பெரியம்மை ஒழிப்பின் வரலாறு தரும் விடையை நாம் ஈண்டு நோக்குவோம்.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஒகோஜாப் பகுதியில் பெரியம்மை கண்டது. மக்கள் அனைவருக்கும் அம்மை குத்துவதே அதுவரை வகுக்கப்பட்டிருந்த முறை. ஆயின் அதற்கு வேண்டிய அம்மைப்பால் கையிருப்பில் இல்லை. இருந்ததை எல்லா ஊர்களுக்கும் சமமாகப் பங்கிட்டிருப்பின் எவ்வூர்க்கும் முழுக் காப்புக் கிட்டியிராது. அங்குப் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபோகியும் அவர்தம் தோழர்களும் வேறு வழி கண்டனர். பாதிரிமாரிடமிருந்த வானொலிக் கருவிகளின் வாயிலாக, நோய் எவ்வெவ்வூர்களில் உள்ளதென அறிந்தனர். அவ்வூர்களிலும், சந்தையாலும் உறவாலும் நோய் அடுத்துப் பரவக்கூடிய இடங்களிலும் முதலில் அம்மை குத்தினர். சில திங்களில் நோய் அடங்கிற்று. பங்கு பெறாத ஊர்களும் இழப்படையவில்லை. அயலூரின் தீ அணைந்ததால் அவையும் பிழைத்தன.

இந்தியாவிலும் 1973 முதல் இம்முறை பெரிதாகக் கையாளப்பட்டது. 1974இல் பெரியம்மை இந்நாட்டில் 1,88,003 பேரைப் பற்றி, 31,262 உயிர்களைக் கொண்டது. பீகார் பெரிதும் அல்லலுற்றது. நலப்பணியாளர் வீடு வீடாகச் சென்றனர். சந்தைகளிலும் பள்ளிகளிலும் நோயின் படத்தைக் காட்டி வினவினர். 1975 மே திங்களுடன் நோய் நம் மண்ணை விட்டு நீங்கியது. 1980 மே 8ஆம் நாள் உலகம் பெரியம்மையினின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது.

எனினும் இப்பாடம் விரைவில் மறக்கப்பட்டது. கொரோனா பரவிய காலத்தில், 2021 ஜனவரி நடுவில், வசதி மிக்க 49 நாடுகளில் 3 கோடியே 90 இலட்சம் தடுப்பூசிகள் போடப்பட்டிருந்தன; மிக வறிய நாடுகளுள் ஒன்றே ஒன்றில் 25 மட்டும் போடப்பட்டிருந்தன. உலக நல நிறுவனத்தின் தலைவரே இதனை எடுத்துரைத்து வருந்தினார்.

அனைவர்க்கும் ஒரே அளவாகப் பகிர்வது எப்போதும் நீதியாகிவிடாது. தேவை மிக்க இடத்திற்கு முதலில் அளிப்பதே நீதி. அத்தேவையை அறிய ஊர்க்கோடிக் குடிசையின் செய்தியும் கணக்கில் ஏற வேண்டும். எண்ணப்படாத சேரியில் நோய் எஞ்சியிருப்பின் ஊர் முழுமைக்கும் காப்பில்லை. ஆகவே, நம் பிள்ளைகள் மருத்துவராகவும் செவிலியராகவும் மட்டுமன்றி, கணக்கெடுப்போராகவும் பங்கீட்டை முடிவு செய்வோராகவும் உயர்தல் வேண்டும். கல்வி நமக்கு ஈட்டித் தர வேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்றாகும்.