கத்தியும் கபாலமும்

கத்தி சேகரிப்போர் பலருக்கு வெள்ளி மண்டையோட்டின் மீது மோகம் உண்டு. மோதிரமாக அணிவர், கத்தியின் பிடிக்கயிற்றில் மணியாகக் கோப்பர். ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அத்தகைய மோதிரம் சாவை நினைவூட்டுவது. 1978இல் இசைக்கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்குப் பரிசாக வந்த வெள்ளி மோதிரம் புகழ்பெற்றபின் அதுவே மிடுக்காயிற்று.

நம் புராணத்தில் கதை வேறு. பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த பைரவரின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. அதையே பிச்சைப் பாத்திரமாக ஏந்திக் காசிவரை அலைந்தார். வெட்டியவருக்கு வாய்த்தது அணியன்று, பழி. (காபாலிகர் விரும்பியே ஏந்தினர், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மத்தவிலாசத்தில் அவர்களை எள்ளினான்.)

பத்மநாபபுரம் அரண்மனையின் பழைய வாள்களைப் பார்க்கும்போதெல்லாம் இக்கதையே நினைவுக்கு வருகிறது. நாகர்கோவிலைத் தாண்டினால் சுசீந்திரம். அங்கே தலை கொய்தவரும் இழந்தவரும் திருமாலோடு ஒரே மூர்த்தி: தாணுமாலயன்.