எந்த வயதில் அனுப்புவது?



கோல சிலாங்கூர் தோட்டப்புறத்தில் ஒரு பையன் நன்றாக விளையாடினால், "எப்போது வெளியே அனுப்பலாம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

2003இல் செர்பியப் பையன் டார்கோ மிலிசிச்சை டெட்ராய்ட் அணி இரண்டாவது தேர்வாக எடுத்தது. வயது 18. டுவைன் வேட் அவருக்குப் பிறகுதான்! அடுத்த ஆண்டே அணி வாகை சூடியது. டார்கோ பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெற்றிக்குத் துடிக்கும் அணிக்குப் பிள்ளை வளர்க்க நேரமேது?

அர்ஜென்டினாவின் ஜினோபிலி 1999இல் 57ஆவது தேர்வு. அவர் அவசரப்படவில்லை. இத்தாலியில் ஆடி, 2001இல் பொலோனியாவுடன் ஐரோப்பியக் கிண்ணம் வென்று, 2002இல் 25 வயதில் சான் அந்தோனியோ போனார். நான்கு முறை வெற்றியாளர்.

எதிரணி நண்பர் டோன்சிச் பெயரைச் சொல்வார். 2018இல் 19 வயதில் போனவர்தான். ஆனால் ரியல் மாட்ரிட்டில் 16 வயதிலேயே பெரியவர்களோடு மோதியவர் ஐயா!

பஞ்சாப் கிராமத்துச் சத்னாம் சிங் 2010இல் 14 வயதில் புளோரிடா போனார். 2015இல் டல்லாஸ் அவரை 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அவரே முதல்வர். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றுகூடக் கிட்டவில்லை. அவசரப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஜினோபிலி காத்திருக்க இத்தாலி இருந்தது. சத்னாம் எங்கே காத்திருப்பார்? நம் தோட்டத்துப் பையன் எங்கே காத்திருப்பான், நடுவர் அவர்களே?